படத்தில் தெரியாத கை

பிறந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு குழந்தை. இரண்டு முழங்கைகளையும் முன்னால் ஊன்றி, உள்ளங்கைகளில் முகவாயைத் தாங்கியபடி கண்மூடித் தூங்குகிறது. தலையில் ஒரு பின்னல் தொப்பி. உதட்டோரம் ஒரு சிரிப்பு. வாழ்த்து அட்டையிலோ, படப்பிடிப்புக் கடையின் விளம்பரத்திலோ, உறவினர் ஒருவரின் முகநூல் பக்கத்திலோ இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மாணவர்களே, அறிவியல் படிப்பவர்களாக அதை இன்னொரு முறை பாருங்கள். நம் வீடுகளில் கைக்குழந்தையைப் பார்க்க வருபவர்கள், "தலை நின்றுவிட்டதா?" என்று கேட்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தலை ஓரளவு நிற்கவே மூன்று மாதம் ஆகும். அப்படியிருக்க, பத்து நாள் குழந்தை தலையை நிமிர்த்திக் கைகளில் தாங்கிக்கொண்டு எப்படித் தூங்கியது?

தூங்கவில்லை என்பதே விடை. நீங்கள் பார்த்தது ஒரு படமல்ல, இரண்டு படங்கள். முதல் படத்தில் உதவியாளரோ தாயோ குழந்தையின் தலையை மேலிருந்து விரல்களால் பிடித்திருப்பார். இரண்டாவது படத்தில் மணிக்கட்டுகளைப் பிடித்திருப்பார். பிறகு கணினியில் இரண்டையும் இணைத்து, பிடித்திருந்த கைகளை அழித்துவிடுவார்கள். புகைப்படக்காரர்கள் இதைத் 'தவளை நிலை' என்பார்கள். முறையாகப் பயின்றவர் எடுக்கும்போது குழந்தையின் தலை ஒரு நொடிகூடத் தாங்கலின்றி இருப்பதில்லை. ஆனால், படத்தைப் பார்க்கும் நமக்கு அந்தக் கை தெரிவதில்லை.

இது இன்று தோன்றிய தந்திரமும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஒரு படம் பதிவாகப் பல நொடிகள் ஆகும். அதுவரை குழந்தை அசையாமல் இருக்க வேண்டும். அதனால் தாய் தன்மேல் துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலிபோல் உட்கார்ந்து, மடியில் குழந்தையைப் பிடித்துக்கொள்வார். அன்று துணி மறைத்த கையை இன்று மென்பொருள் மறைக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். அன்றைய படத்தை உற்றுப் பார்த்தால் துணிக்குள் ஓர் ஆள் இருப்பது தெரிந்துவிடும். இன்றைய படத்தில் ஒரு தடயமும் இருக்காது.

என் கருத்து இதுதான். பிறந்த குழந்தையைப் படம் எடுப்பது தவறில்லை. அந்த முகம் ஒரே மாதத்தில் மாறிவிடும். அதைப் பதிவு செய்ய ஆசைப்படுவது இயல்பு. ஆனால், பிறர் கை பிடித்தால் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு நிலையில் குழந்தையை வைத்து, பிறகு அந்தக் கையை அழித்துவிட்டு, அதுவே இயல்பு என்று காட்டுவது ஆபத்தான பொய். காரணம், அதைப் பார்த்துப் பின்பற்றுபவருக்குக் கிடைப்பது பாதுகாப்பு நீக்கப்பட்ட செய்முறை.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? கடையில் இத்தகைய படம் எடுக்கப் பல நூறு ரிங்கிட் ஆகலாம். "நாமே வீட்டில் எடுத்துவிடலாமே" என்று குடும்பத்தார் நினைப்பார்கள். அப்போது கைப்பேசி யார் கைக்கு வரும்? வீட்டிலேயே அதை நன்றாகக் கையாளத் தெரிந்த உங்கள் கைக்குத்தான். அக்காவின் குழந்தைக்கும் சித்தியின் குழந்தைக்கும் புகைப்படக்காரர் நீங்கள்தான். கிருஷ்ண ஜெயந்தி வந்தால் கைக்குழந்தைக்குக் கிரீடம் வைத்து, மயிலிறகு செருகி, வெண்ணெய்ப் பானைக்குள் உட்காரவைத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். எனவே, அந்தச் சின்ன உடம்பு எப்படி இயங்குகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அழுவதற்கும் காற்று வேண்டும்

பெரியவரைச் சிறிதாக்கினால் குழந்தை ஆகிவிடாது. நம் தலை உடல் நீளத்தில் ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான். பிறந்த குழந்தைக்கு அது நான்கில் ஒரு பங்கு. மூளை மட்டுமே சுமார் 350 கிராம். அதாவது மூன்று கிலோ உடம்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு கனமான தலையைத் தாங்க வேண்டிய கழுத்துத் தசைகளோ இன்னும் வலுப்பெறவில்லை. பின்மண்டை புடைத்திருப்பதால், சமதளத்தில் படுக்கவைத்தாலே முகவாய் சற்று மார்பை நோக்கிச் சாயும். பானைக்குள்ளோ வாளிக்குள்ளோ உட்காரவைத்தால் தலை முழுவதுமாக முன்னால் கவிழும்.

தலை கவிழ்ந்தால் என்ன ஆகும்? மூன்றாம் படிவ அறிவியலில் சுவாச மண்டலம் படித்திருப்பீர்கள். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழல் விட்டம் சுமார் நான்கைந்து மில்லிமீட்டர். அதன் குருத்தெலும்பு மென்மையானது. கழுத்து மடங்கினால் காற்று செல்லும் வழி எளிதில் குறுகிவிடும்.

குறுகலின் விளைவு எவ்வளவு பெரியது என்பதை 1840களில் பிரெஞ்சு மருத்துவர் ழான் புவாசெய் கண்டறிந்த விதி சொல்கிறது. ஒரு குழாயில் சீராகப் பாயும் பாய்மத்துக்கு உண்டாகும் எதிர்ப்பு, குழாயின் ஆரத்தினுடைய நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அதாவது, விட்டம் பாதியானால் எதிர்ப்பு இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. எட்டு மில்லிமீட்டர் குழாயில் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் எதிர்ப்பு சுமார் மூன்று மடங்கு. நான்கு மில்லிமீட்டர் குழாயில் அதே இரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் 16 மடங்கு. இதை நீங்களே உணர்ந்து பார்க்கலாம். பபிள் டீ குடிக்கும் அகலமான உறிஞ்சுகுழலில் தண்ணீரை உறிஞ்சுங்கள். பிறகு பொட்டல பானத்துடன் வரும் மெல்லிய உறிஞ்சுகுழலில் உறிஞ்சுங்கள். அதையும் நடுவில் சற்று மடித்துவிட்டு உறிஞ்சுங்கள்.

இதோடு இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ எடைக்கு எனக் கணக்கிட்டால், குழந்தை பயன்படுத்தும் உயிர்வளி பெரியவரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் அது நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. மூச்சுத் தடைபட்டால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

"மூச்சுத் திணறினால் அழுமே" என்று நினைக்கிறீர்களா? அழுவதற்கும் காற்று வேண்டும். காற்றுவழி மடங்கிய குழந்தை சத்தமில்லாமல், தூங்குவது போலவேதான் இருக்கும். படப்பிடிப்புக்கு முன்பு குழந்தையை வயிறு நிறையப் பாலூட்டி, கதகதப்பாக வைத்து, ஆழ்ந்து தூங்கச் செய்வார்கள். பிறந்த முதல் இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். அப்போது குழந்தை கருப்பையில் இருந்தபடியே சுருண்டுகொள்ளும். எப்படி மடக்கினாலும் விழிக்காது. எது படத்துக்கு வசதியோ அதுவே ஆபத்து. தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லக் குழந்தைக்கு இருக்கும் ஒரே வழி அழுகை. ஆழ்ந்த தூக்கத்தில் அதுவும் இல்லை.

உடம்பு கிடக்கும் நிலை உயிரைக் காக்குமா, எடுக்குமா என்று ஐயப்படுபவர்கள் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு மேலை நாடுகளில் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைத்துத் தூங்கச் செய்வது பரவலாக இருந்தது. 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1994இல், மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. அதன்பின் காரணம் தெரியாத திடீர்க் குழந்தை மரணங்களின் வீதம் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. புதிய மருந்து இல்லை, கருவி இல்லை. படுக்கும் நிலையை மாற்றியதுதான் அங்கே பெரிய மாற்றம்.

நடுங்கத் தெரியாத உடம்பு

இந்தப் படங்களில் குழந்தை பெரும்பாலும் உடையின்றி இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள பெரியவரின் தோல் பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர். மூன்று கிலோ குழந்தையின் தோல் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். ஒரு கிலோ எடைக்குப் பிரித்துப் பாருங்கள். பெரியவருக்குச் சுமார் 270 சதுர சென்டிமீட்டர். குழந்தைக்குச் சுமார் 670. வெப்பம் வெளியேறும் வாசல் குழந்தைக்கு இரண்டரை மடங்கு பெரியது.

நமக்குக் குளிர்ந்தால் தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்கும். பிறந்த குழந்தை பெரும்பாலும் நடுங்குவதில்லை. கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது வெப்பம் பெறுகிறது. அதற்கு உயிர்வளியும் குளுக்கோஸும் செலவாகும். எனவே குளிரில் கிடக்கும் குழந்தை, பார்க்க அமைதியாக இருந்தாலும், உள்ளுக்குள் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறது. உடையில்லாத குழந்தைக்கு இதமான அறை வெப்பநிலை சுமார் 32 முதல் 34 பாகை செல்சியஸ். நம் வீட்டுக் குளிரூட்டியை 24இல் வைத்துவிட்டு, "நம் ஊர் வெயில் ஊர்தானே, குளிராது" என்று சொல்வதில் பொருளில்லை.

இதற்கு மாற்றாக முடி உலர்த்தியையோ சூடேற்றியையோ குழந்தையின் பக்கத்தில் வைப்பது இன்னொரு தவறு. மெல்லிய தோல் எளிதில் சுட்டுவிடும். வியர்வையால் உடம்பைக் குளிர்விக்கும் திறனும் குழந்தைக்கு இன்னும் முழுமையாக வரவில்லை.

திடீரென்று விரியும் கைகள்

பிறந்த குழந்தை தானாகப் புரளாது என்பதால், கூடையின் விளிம்பிலோ மேசையிலோ வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று படம் எடுக்கலாம் என்று தோன்றும். 'மோரோ அனிச்சைச் செயல்' என்பதை நினைவில் வையுங்கள். ஏர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவரின் பெயரால் அது வழங்குகிறது. திடீர்ச் சத்தம் கேட்டாலோ தலை சற்றே பின்னால் சரிந்தாலோ குழந்தை இரண்டு கைகளையும் விரித்து உதறும். பிறகு மார்போடு சேர்த்துக்கொள்ளும். இது நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறையும். அதுவரை, ஆழ்ந்து தூங்கும் குழந்தையும் எந்த நொடியிலும் திடுக்கிட்டு நகரலாம். ஒரு நாய் குரைத்தால் போதும், ஒரு கைப்பேசி ஒலித்தால் போதும்.

பட்டுச்சேலையும் அந்துருண்டையும்

பின்னணிக்காக நாம் தேடி எடுக்கும் பொருள்களையும் கவனிக்க வேண்டும். பாட்டியின் பழைய பட்டுச்சேலையில் பேரப்பிள்ளையைச் சுற்றிப் படம் எடுப்பது அழகான எண்ணம்தான். அந்தச் சேலை அலமாரியில் எதோடு இருந்தது? பல அந்துருண்டைகளில் இருக்கும் வேதிப்பொருள் நாப்தலின். 'ஜி6பிடி' என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி பட்டாலே சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள் காமாலை வரலாம். காமாலை அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும். இந்தக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படும். மலேசியாவில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். வீட்டில் குழந்தையின் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்துருண்டை வாசம் வீசும் துணியைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள்.

காமாலையைப் பற்றி இன்னொரு சொல். பல குழந்தைகளுக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் தோல் மஞ்சளாகத் தொடங்கும். படம் எடுக்கும் நாள்களும் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் வரும். செயலிகளோ தோலை இளஞ்சிவப்பாக மாற்றிவிடுகின்றன. ஊரிலிருக்கும் உறவினர் அந்தப் படத்தைப் பார்த்து, "நல்ல நிறமாக இருக்கிறதே" என்பார். நிறம் மாற்றிய படம் ஆதாரம் ஆகாது. குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் நேரில் பாருங்கள். ஐயமிருந்தால் சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கக்குவான் இருமலும் கவனிக்க வேண்டியது. அதற்கான தடுப்பூசி நம் நாட்டில் குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபிறகே தொடங்குகிறது. அதுவரை, இருமல் சளியோடு யார் வந்தாலும், அவர் கையில் எவ்வளவு நல்ல படக்கருவி இருந்தாலும், குழந்தையின் அருகில் விடக்கூடாது.

"இதுவரை எதுவும் ஆகவில்லையே"

இப்படிச் சொல்பவர்கள் இருப்பார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளை இப்படிப் படம் எடுத்திருக்கிறார்கள், எல்லாரும் நலமாகத்தானே இருக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இருக்கைவார் போடாமல் காரில் போகும் பயணங்களிலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆபத்தை மதிப்பிடும்போது, அது எத்தனை முறை நடக்கும் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. நடந்தால் என்ன இழப்போம், அதற்கு ஈடாக எதைப் பெறுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு தட்டில் இருப்பது ஒரு படம். மற்றத் தட்டில் இருப்பது மீண்டும் பெற முடியாத ஒன்று.

"பாட்டி குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்து உருட்டிப் புரட்டிக் குளிப்பாட்டவில்லையா?" என்றும் கேட்பார்கள். நல்ல கேள்வி. அனுபவமுள்ள பாட்டி குளிப்பாட்டும்போது அவர் கையைக் கவனியுங்கள். அது ஒரு நொடிகூடக் குழந்தையை விட்டு நீங்காது. கண் முகத்தை விட்டு அகலாது. நான் கேட்பதும் அந்தக் கையைத்தான்.

அஞ்ச வேண்டாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படக்கருவியின் ஒளிவீச்சு குழந்தையின் கண்ணைக் குருடாக்கிவிடும் என்று புலனத்தில் செய்திகள் வரும். சாதாரண ஒளிவீச்சு கண்பார்வையைக் கெடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. குழந்தை திடுக்கிடாமல் இருக்க அதைத் தவிர்ப்பது நல்லது, அவ்வளவுதான். நாம் தேவையற்றதற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதை விட்டுவிடக் கூடாது.

நன்கு பயின்ற புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள். குழந்தை முகம் சுளித்தால் நிறுத்திவிடுவார்கள். உதவியாளர் இல்லாமல் தொடங்கமாட்டார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தவளை நிலைப் படத்தை வெளியிடும்போது, "இது இரண்டு படங்களின் இணைப்பு, வீட்டில் முயலாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முடிந்தால் கை தெரியும் மூலப் படத்தையும் பக்கத்தில் போடுங்கள். அதனால் உங்கள் திறமை குறைந்துவிடாது, கூடுதலாகவே தெரியும்.

உங்கள் கையில் கைப்பேசி வரும்போது

1. குழந்தையை மெத்தையிலோ தரைவிரிப்பிலோ மல்லாக்கப் படுக்கவையுங்கள். அல்லது தாயின் கையில் இருக்கட்டும். பானை, வாளி, கூடை, ஊஞ்சல் வேண்டாம்.

2. முகவாய்க்கும் மார்புக்கும் இடையில் எப்போதும் இடைவெளி தெரிய வேண்டும். மூக்கும் வாயும் திறந்திருக்க வேண்டும்.

3. படம் எடுப்பவர் ஒருவர், குழந்தையைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இன்னொருவர். இருவர் இல்லையென்றால் படம் இல்லை.

4. குழந்தையின் முகத்துக்கு நேர் மேலே கைப்பேசியை நீட்டாதீர்கள். பல கைப்பேசிகள் 200 கிராம் வரை இருக்கும். உச்சிக்குழி மூடவே ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். பக்கவாட்டில் உட்கார்ந்து எடுங்கள்.

5. கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றாதீர்கள். இடுப்பு மூட்டு சரியாக வளராமல் போகலாம். கையோ காலோ நிறம் மாறினால் உடனே தளர்த்துங்கள்.

6. முகம் சுளித்தால், சிணுங்கினால் நிறுத்திவிடுங்கள். அது "வேண்டாம்" என்று சொல்கிறது.

இத்தனை விதிகளுக்குப் பிறகு எடுக்க என்ன மிஞ்சும் என்று கேட்காதீர்கள். சன்னல் வெளிச்சத்தில் அந்தச் சின்னப் பாதத்தை எடுங்கள். கொட்டாவியை எடுங்கள். உங்கள் சுட்டுவிரலை அதன் உள்ளங்கையில் வையுங்கள். பற்றும் அனிச்சைச் செயலால் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். அதை எடுங்கள். பாட்டியின் சுருங்கிய கைக்குள் பேரப்பிள்ளையின் தலை அடங்கியிருப்பதை எடுங்கள்.

அந்தக் கையை அழிக்காதீர்கள். இருபது ஆண்டு கழித்து அந்தக் குழந்தை படத்தைப் பார்க்கும்போது, தன்னைத் தாங்கியது யார் என்று அதற்குத் தெரியட்டும்.